எக்ஸ்ரேயில் தெரியாத கழுத்து வலி



கழுத்து வலி என்று கிளினிக்குக்குப் போகிறோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், “எலும்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை” என்கிறார். ஒரு வாரத்துக்கு மாத்திரையும் பூசிக்கொள்ள மருந்தும் கொடுத்து அனுப்புகிறார். மாத்திரை தீர்ந்ததும் வலி பழையபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்படி இரண்டு மூன்று முறை போய் வந்த பிறகு வீட்டிலேயே பேச்சு மாறிவிடுகிறது. “ஒன்றுமில்லை என்றுதானே டாக்டர் சொன்னார், பிறகு எங்கிருந்து வருகிறது வலி?” என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். வேலையிடத்தில் மண்டோர் இன்னும் ஒரு படி மேலே போய், எம்.சி. வாங்க நாடகம் என்கிறார்.

வலி ஒரு பக்கம். வலிக்கிறது என்பதை நிரூபிக்க முடியாத அவமானம் இன்னொரு பக்கம். சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய், லூனாஸ், பீடோங், கோல கெட்டில், பாலிங் என்று கெடாவின் எந்த ஊருக்குப் போனாலும் இப்படிப் புலம்புகிற ஒருவரையாவது பார்க்கலாம். பெரும்பாலும் அவர் தோட்டத்தில் உழைத்தவராக இருப்பார். இல்லாவிட்டால் தொழிற்சாலையில் குனிந்தே காலம் கழித்தவராக இருப்பார்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று பொருளல்ல. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தசை வேலை செய்வதை அதில் பார்க்க முடியாது. ஆனால் கழுத்தை நிறுத்தி வைத்திருப்பது தசைதான். அந்தத் தசையை, அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரையில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பார்க்கப் பயன்படுத்தும் அதே ஸ்கேன், அதாவது அல்ட்ராசவுண்ட் என்னும் மீயொலிக் கருவி, இப்போது கழுத்துத் தசை ஆய்வுக்கும் வந்துவிட்டது. இன்றைய அரங்கில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

மேலே பார்த்த கழுத்து, கீழே பார்த்த கழுத்து

முதலில் நம் மக்கள் கழுத்துக்குக் கொடுத்த வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

ரப்பர் காலத்தில் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனார்கள். நாளொன்றுக்கு ஐந்நூறு மரம்வரை வெட்டியவர்கள் உண்டு. பால்மரத்தில் பட்டையைச் சீவச் சீவ, வெட்டுக்கோடு ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கும். கோடு இறங்க இறங்க வெட்டுபவரும் குனிந்துகொண்டே போவார். கீழ்ப்பட்டை தீர்ந்ததும் மேல்பட்டையில் வெட்டு தொடங்கும். அப்போது நீண்ட பிடிபோட்ட கத்தியுடன் அண்ணாந்து நிற்க வேண்டும். ஆக, ஒரே மரம் தன் ஆயுளில் ஒரு மனிதரைத் தரைவரை குனியவும் வைத்தது, வானம் பார்க்கவும் வைத்தது. வெட்டு முடிந்தால் தோளில் காண்டாக் கம்பு, இரு பக்கமும் பால் வாளி. மாலையில் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து விறகுக் கட்டோ புல்லுக் கட்டோ சுமந்து லயத்துக்குத் திரும்புவார்கள்.

செம்பனை வந்தபின் அண்ணாந்து பார்ப்பதே வேலையாகிவிட்டது. கன்றுப் பருவத்தில் உளியால் குத்தி இறக்கிவிடலாம். மரம் ஆளுயரத்தைத் தாண்டிவிட்டால் நீளக் கம்பின் நுனியில் அரிவாள் கட்டி வெட்ட வேண்டும். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்து அழிக்கும் மரம் அது. வயதான மரத்தில் குலை பத்து மீட்டருக்கும் மேலே இருக்கும். கம்பு காற்றில் வளையும். அரிவாள் நுனி காம்பில் சரியாக மாட்ட வேண்டும். பத்து இருபது கிலோ குலை விழும் இடத்திலிருந்து விலகவும் வேண்டும். இத்தனையும் தலையைப் பின்னால் சாய்த்தபடியே நடக்கும். இன்று இந்த வேலையைப் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். கழுத்து யாருடையதானாலும் கழுத்துதான்.

அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? 1996இல் கூலிமில் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அதற்கு முன்பே சுங்கைப் பட்டாணி பக்கம் பாக்கார் ஆராங் போன்ற இடங்களில் தொழிற்சாலைகள் இருந்தன. தொழிற்சாலை பஸ் தோட்டத்து வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனது. அம்மா அண்ணாந்து குலை பார்த்தார். மகள் குனிந்து மைக்ரோஸ்கோப் பார்த்தார். பேரப்பிள்ளை இப்போது கைப்பேசி பார்க்கிறது.

ஐந்து கிலோவும் கண்ணுக்குத் தெரியாத காவலர்களும்

வளர்ந்த மனிதரின் தலை நான்கரையிலிருந்து ஐந்து கிலோ எடை இருக்கும். அதை ஏழு சிறிய எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று தாங்குகின்றன. எலும்பை மட்டும் அடுக்கிவைத்தால் உடனே சரிந்துவிடும். கூடாரக் கம்பத்தை நான்கு பக்கமும் கயிறு இழுத்து நிறுத்துவதுபோல் இருபதுக்கும் மேற்பட்ட இணைத் தசைகள் அதைப் பிடித்து நிற்கின்றன.

இவற்றை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். மேலே இருப்பவை பெரிய தசைகள். தலையை ஒரு பக்கம் திருப்பினால் காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புவரை கயிறுபோல் புடைக்கிறதே, அது ஒன்று. கழுத்திலிருந்து தோள்வரை விரியும் டிரப்பீசியஸ் இன்னொன்று. இவை பலசாலிகள்; தலையைத் திருப்பும், தூக்கும், தோளை உயர்த்தும். ஆழத்தில் இருப்பவை சிறியவை. பின்புறம் எலும்பை ஒட்டி மல்டிஃபிடஸ், முன்புறம் தொண்டைக்குழாய்க்கும் பின்னால் லாங்கஸ் கோலி. இவற்றுக்குப் பெரிய பலம் கிடையாது. ஒவ்வோர் எலும்பும் அடுத்த எலும்பின்மேல் வழுக்காமல் பார்த்துக்கொள்வதே இவற்றின் வேலை. நாள் முழுதும் மெல்லிய அளவில் உழைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கையை உயர்த்தி வேலை செய்தால் கழுத்து ஏன் வலிக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. தோள்பட்டை எலும்பைத் தாங்கும் தசைகளில் சில கழுத்தெலும்பிலிருந்துதான் தொடங்குகின்றன. கம்பைப் பிடித்து இழுக்கும்போது அந்த இழுப்பு கழுத்துக்கும் போய்ச் சேர்கிறது. அந்நேரம் ஆழத்துச் சிறு தசைகள் கழுத்தைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பெரிய தசைகள் தங்கள் வேலையோடு அந்த வேலையையும் சேர்த்துச் செய்து களைத்துப் போகின்றன. தோளுக்கு மேல் கல்லாக இறுகிவிடும் அந்த இடம் நம் எல்லோருக்கும் தெரியும்.

மைக்ரோஸ்கோப் வேலைக்கு வேறு விளக்கம் உண்டு. அங்கே பெரிய பாரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வலிக்கிறது. சுவீடன் ஆய்வாளர் கோரான் ஹேக் 1991இல் இதற்கு ஒரு கருதுகோள் சொன்னார். இலேசான வேலை தொடங்கியதும் தசையில் சில மெல்லிய நார்கள்தான் முதலில் வேலையில் இறங்கும்; தசை முழுதாக ஓய்வெடுக்கும்வரை அதே நார்கள் வேலையில் நீடிக்கும். கதையில் வரும் சிண்ட்ரெல்லாவின் பெயரையே அவர் அதற்கு வைத்தார். நம் ஊர் வழக்கில் சொன்னால், வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் மருமகள். பாரம் குறைவுதான், ஓய்வுதான் இல்லை. இது இன்னும் கருதுகோள்தான் என்றாலும், எட்டு மணி நேரம் அசையாமல் குனிந்திருந்தவர்களுக்கு அது சட்டென்று புரியும்.

கைப்பேசி பற்றி ஒரு கணக்கு எல்லோர் கைப்பேசியிலும் சுற்றுகிறது. தலை நேராக இருந்தால் ஐந்து கிலோ, 60 பாகை குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோ. 2014இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் வெளியிட்டது அது. கணினியில் மாதிரி அமைத்துப் போட்ட கணக்கு அது. மனிதரின் கழுத்துக்குள் தராசு வைத்து அளந்ததல்ல. குனிந்தால் பாரம் கூடும் என்பது உண்மை. பயமுறுத்தும் படங்களோடு அதை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருப்பது தேவையற்ற வேலை.

படம் சொல்வதும் சொல்லாததும்

எக்ஸ்ரேயில் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். எம்.ஆர்.ஐ. தசையையும் காட்டும், எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டையும் காட்டும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில் 87.6 விழுக்காட்டினருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. வலியே இல்லாதவர்களுக்கு இந்த நிலை! எனவே “வட்டு பிதுங்கியிருக்கிறது, எலும்பு தேய்ந்திருக்கிறது” என்று அறிக்கையில் படித்தவுடன் வாழ்க்கையே முடிந்துவிட்டதாகப் பதற வேண்டியதில்லை. தலை நரைப்பதுபோல் கழுத்திலும் வயது தெரியும்.

இன்னொரு குறை, எம்.ஆர்.ஐ.யில் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். கையை உயர்த்தி வேலை செய்யும்போது வலிக்கிறது என்பவரை அசையாமல் படுக்கவைத்து எடுத்த படத்தில், தசை எப்படி வேலை செய்தது என்பது எப்படித் தெரியும்? நின்றுபோன லாரியைப் பார்த்துவிட்டு ஓடும்போது ஏன் சத்தம் வருகிறது என்று கேட்பதுபோல்தான் அது.

மீயொலிக் கருவியின் பெருமை இங்கேதான் இருக்கிறது. மனிதக் காது விநாடிக்கு 20,000 அதிர்வுகள்வரைதான் கேட்கும். இந்தக் கருவியோ பல இலட்சக்கணக்கான அதிர்வுகளில் ஒலியை அனுப்புகிறது. வயிற்றைப் பார்க்க 30 முதல் 50 இலட்சம் போதும். தோலுக்கு அருகில் இருக்கும் தசையைத் துல்லியமாகப் பார்க்க 70 இலட்சத்திலிருந்து ஒன்றரைக் கோடிவரை பயன்படுத்துகிறார்கள். உடலின் மென்மையான பகுதிகளில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கொஞ்சம் ஒலி எதிரொலித்துத் திரும்பும். எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதை வைத்து, அந்த இடம் எவ்வளவு ஆழம் என்று கருவி கணக்கிட்டுப் புள்ளி வைக்கும். அதில் கதிர்வீச்சு கிடையாது. கருவியின் முனையைக் கழுத்தில் வைத்துக்கொண்டே தலையை அசைக்கலாம், கையைத் தூக்கலாம். எல்லாம் அந்தக் கணமே திரையில் ஓடும்.

இந்தத் தொழில்நுட்பம் இரும்பு வேலையிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்கும் கருவியைத்தான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட் 1955இல் முதலில் சோதித்துப் பார்த்தார். கொதிகலன் தயாரிக்கும் ஆலைக்கே போய்ச் செய்தார். 1958இல் அவர் குழுவினரின் கட்டுரை வெளியானது. பத்தே ஆண்டுகளில் தசைக்கும் வந்துவிட்டது. 1968இல் ஜப்பானின் இக்காய், ஃபுக்குனாகா என்ற இருவர் மேல்கைத் தசையின் குறுக்களவை மீயொலியால் அளந்து, பலத்தோடு ஒப்பிட்டார்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் தசை ஏறத்தாழ 6 கிலோ இழுக்கும். ஆண், பெண் என்ற வேறுபாடு அந்தக் கணக்கில் பெரிதாக இல்லை என்று கண்டார்கள். பெண்ணின் தசை தரத்தில் குறைந்தது என்று பேசுவோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கழுத்து மட்டும் எளிதில் வசப்படவில்லை. அங்கே தசைகள் மெல்லியவை, பல அடுக்குகளாக ஒட்டிக் கிடப்பவை. பின்கழுத்தில் கருவியை வைத்தால் தோல், கொழுப்பு, அதன் கீழே ஐந்து அடுக்குத் தசை, கடைசியில் வெள்ளைக் கோடாக எலும்பு தெரியும். தசை கருமையாகவும் அதன் உறைகள் வெண்கோடுகளாகவும் இருக்கும். முன்கழுத்தில் துடித்துக்கொண்டிருக்கும் பெரிய இரத்தக் குழாயை அடையாளமாக வைத்துக்கொண்டு, அதற்கு அருகில் எலும்பை ஒட்டிய லாங்கஸ் கோலியைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

மூக்கு வழியாகப் போன கம்பி

ஆழத்துத் தசைதான் பிரச்சினையா என்ற சந்தேகத்தைத் தீர்க்க முதலில் பாடுபட்டவர்கள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார். டெபோரா ஃபல்லா, குவெண்டலின் ஜல், பால் ஹோட்ஜஸ் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வுகளைக் கேட்டால் உடல் சிலிர்க்கும். லாங்கஸ் கோலியின் மின்துடிப்பை அளக்க, மெல்லிய கம்பியை மூக்கு வழியாக விட்டுத் தொண்டையின் பின்சுவரில் உறிஞ்சி ஒட்டவைத்தார்கள். தசை அந்தச் சுவருக்குப் பின்னால்தானே இருக்கிறது! ஆய்வு சிறியதுதான்; ஆனால் கிடைத்த விடை தெளிவாக இருந்தது. மெதுவாகத் தலையசைக்கச் சொன்னபோது கழுத்து வலி உள்ளவர்களுக்கு ஆழத்துத் தசை குறைவாகவே வேலை செய்தது. இன்னொரு சோதனையில் கையை வேகமாகத் தூக்கச் சொன்னார்கள். வலி இல்லாதவர்களுக்கு, கை அசையும் நேரத்துக்கே கழுத்தின் ஆழத்துத் தசை தயாராகிவிட்டது. வலி உள்ளவர்களுக்கு அது தாமதமாக விழித்தது.

செம்பனைக் கம்பைத் தூக்கும் தொழிலாளியை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். ஒரு நாளில் எத்தனை முறை கை உயர்கிறது! அத்தனை முறையும் காவலாளி தாமதமாக வந்தால் என்ன ஆகும்?

மூக்கில் கம்பி விட்டுக்கொள்ள எத்தனை பேர் முன்வருவார்கள்? அதனால்தான் மீயொலியின் பக்கம் ஆய்வாளர்கள் திரும்பினார்கள். 2006 மே மாதம் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, மறுவாழ்வுச் சிகிச்சைக்கான மீயொலிப் படமுறை என்று இதற்கு வரையறை வகுத்தார்கள். பிறகு சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் அன்னெலி பெயோல்சன் குழுவினர் இன்னும் முன்னே போனார்கள். திரையில் தெரியும் தசை ஒரே நிறமாக இருக்காது. பொடிப்பொடியான புள்ளிகள் நிறைந்திருக்கும். கையைத் தூக்கும்போது அந்தப் புள்ளிகள் எங்கே நகர்கின்றன என்பதைக் கணினி படத்துக்குப் படம் பின்தொடர்கிறது. எந்த அடுக்கு சுருங்கியது, எது நீண்டது என்பதைத் தனித்தனியே சொல்லிவிட முடிகிறது. ஊசியும் இல்லை, கம்பியும் இல்லை. கொஞ்சம் ஜெல் மட்டும்தான்.

தசையின் தரமும் மாறலாம். சாலை விபத்தில் கழுத்து முன்னும் பின்னும் வெட்டி இழுக்கப்பட்டு, பிறகு நெடுநாள் வலியோடு இருந்தவர்களை ஜேம்ஸ் எலியட் குழுவினர் எம்.ஆர்.ஐ.யில் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். அவர்களின் பின்கழுத்துத் தசைக்குள் கொழுப்பு புகுந்திருந்தது. எக்ஸ்ரேயில் இது தெரிய வழியில்லை. நடிக்கிறார் என்று எத்தனை பேரைச் சொல்லியிருப்பார்கள்!

இனி, அதிகமாகப் புகழ்ந்துவிடாமல் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மீயொலிப் படம் எடுப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. முனையைச் சற்று அழுத்தினாலே தசை சப்பையாகிவிடும். கோணம் மாறினால் அளவு மாறிவிடும். தசை தடித்தது என்பதால் அத்தனை பலம் போட்டது என்று நேராகக் கணக்குப் போட முடியாது. மெலிந்த தசை உள்ள எல்லோருக்கும் வலியும் இல்லை. “இதோ உங்கள் வலி” என்று திரையில் விரல் வைத்துக் காட்ட எந்தக் கருவியாலும் முடியாது. எனவே கழுத்து ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று விளம்பரம் செய்து யாராவது பணம் கேட்டால், கொஞ்சம் யோசித்துக் கையை விடுங்கள்.

பிறகு இதனால் என்ன பயன்? கண்ணாடிபோல் பயன்படுகிறது. ஆழத்துத் தசையை இயக்கச் சொன்னால் பலருக்கும் எதை இயக்குவது என்றே தெரியாது. நன்கு பயின்ற பிசியோதெரபிஸ்ட் கருவியை வைத்து, “பாருங்கள், இப்போது அது தடிக்கிறது, இப்போது மேல் தசை குறுக்கே வருகிறது” என்று காட்டும்போது நோயாளி தன் தசையைத் தானே பார்த்துக் கற்றுக்கொள்கிறார்.

ஒரு சிறு தலையசைப்பு

கருவி இல்லாமலும் அந்தப் பயிற்சியைச் செய்யலாம். ஜல் வகுத்த முறை இது. மல்லாந்து படுக்க வேண்டும். கழுத்துக்கு அடியில் காற்றுப் பை ஒன்றை வைத்து, இரத்த அழுத்தம் அளக்கும் அதே அலகில் 20வரை காற்றடைப்பார்கள். தலையைத் தூக்காமல், “ஆமாம்” என்று சொல்வதுபோல் மோவாயை மிக மெதுவாக உள்ளிழுக்க வேண்டும். முள் 22, பிறகு 24 என்று இரண்டிரண்டாக ஏறி 30வரை போகலாம். ஒவ்வொன்றிலும் பத்து விநாடி நிறுத்த வேண்டும். வீட்டில் பைக்குப் பதிலாகத் துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம். இரு விரல்களைக் கழுத்தின் முன்பக்கம் வைத்துப் பாருங்கள். கயிறுபோல் புடைக்கும் மேல் தசை மென்மையாகவே இருந்தால் சரி. அது இறுகினால் பலம் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். நம்மவர்களுக்கு இதுதான் கடினம். முக்கித் தூக்கினால்தான் உடற்பயிற்சி என்று நினைப்போம்.

இத்தனை சிறிய அசைவால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு 2002இல் ஜல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு விடை சொல்லும். கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலியால் அவதிப்பட்ட 200 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். இந்தப் பயிற்சி செய்தவர்களுக்கும், பயின்ற கைகளால் கழுத்துச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் தலைவலி குறைந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் நீடித்தது.

பயின்ற கைகள் என்றதும் முடிவெட்டும் கடை நினைவுக்கு வருகிறது. முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து ‘சடக்’ என்று திருப்புவது நம் ஊரில் பல காலமாக நடக்கிறது. சுகமாக இருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் அன்று. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக் குழி உண்டாவதால் வருவது. கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.யில் ஓடும் படமாக எடுத்து 2015இல் இதைக் காட்டினார்கள். கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் இரண்டு உண்டு. வேகமாகத் திருகும்போது அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அரிதாகத்தான் நடக்கும். நடந்துவிட்டால் திரும்பப் பெற முடியாதது நடந்துவிடும். கடைக்கார அண்ணன்மேல் எனக்குக் கோபமில்லை; “கழுத்து வேண்டாம் அண்ணே” என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்தப் பயிற்சியும் வேண்டாம், எண்ணெய் நீவலும் வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கையில் பலம் குறைவது, சட்டைப் பொத்தான் மாட்ட முடியாமல் விரல் தடுமாறுவது, நடக்கும்போது கால் பின்னுவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, காய்ச்சலோடு கழுத்து இறுகுவது, விழுந்த பிறகு அல்லது விபத்துக்குப் பிறகு வந்த வலி ஆகியவை அவை. இங்கே எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் உயிர் காக்கும் படங்கள். அவற்றைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று.

நம் நாட்டில் செம்பனைத் தொழிலாளர்களின் தசை, எலும்பு வலிகளைப் பற்றிப் புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். தொழிலாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள்; வேலை செய்யும் நிலையைக் கவனித்தார்கள். நல்ல வேலை. அடுத்த படியாகக் கருவியும் தோட்டத்துக்குள் வர வேண்டும் என்பது என் ஆசை. கைப்பேசியில் இணைத்துப் பார்க்கும் கையடக்க மீயொலிக் கருவி 2017இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். பீடோங்கை அடுத்த செமெலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பிசியோதெரபி கற்பிக்கிறார்கள். சுற்றிலும் தோட்டங்கள். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு படம், மாலையில் திரும்பியதும் ஒரு படம் என்று எடுத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்?

அதுவரை ஒன்று செய்யலாம். அடுத்த முறை கழுத்து வலிக்காக டாக்டரைப் பார்க்கும்போது, வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். என்ன வேலை, எத்தனை ஆண்டு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அண்ணாந்தோ குனிந்தோ இருக்கிறீர்கள், எந்த அசைவில் வலி கூடுகிறது, விடுமுறை நாளில் குறைகிறதா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளைகளை எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டர் அதைக் குறிப்பில் சேர்க்கும்படி கேளுங்கள். தொழிலால் வரும் நோய்க்கு 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. பெர்கேசோவிடம் போகும்போது மருத்துவக் குறிப்புதான் பேசும். வேலையிடத்தில் உடலுக்கு வரும் இத்தகைய ஆபத்தை எப்படி மதிப்பிடுவது என்று வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2017இல் வழிகாட்டி ஒன்றையும் வெளியிட்டிருக்கிறது. முதலாளி தரப்பும் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். பிசியோதெரபிக்கு அனுப்ப முடியுமா என்று அரசாங்க மருத்துவமனையிலேயே கேட்டுப் பாருங்கள். தனியாரிடம் போவதென்றால், 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.